உப்புக்காற்றில் டோனர் போர்டு: வள்ளத்து பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப்

மாமாவின் வள்ளத்தில் மாட்டிய இரண்டாவது சர்க்யூட் போர்டு ஒரு வாடைக்காலத்தை முழுதாகப் பார்த்துவிட்டது. கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்து அளந்தேன். பேட்டரி 11.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் விளக்கை அணைக்கிறது. 12.5 வரை ஏறினால் திரும்பக் கொடுக்கிறது. மாட்டிய அன்று இருந்த அதே அளவு. இதற்கு முன் செய்த போர்டு அப்படி நிலைத்து நிற்கவில்லை. இரண்டுமே வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்து டோனர் முறையில் செய்தவை. அதாவது லேசர் பிரின்ட் எடுத்த சர்க்யூட் படத்தைச் சூட்டால் செம்பு போர்டுக்கு மாற்றி, படம் மூடாத செம்பைக் கரைத்து எடுப்பது (அந்தக் கரைப்புதான் எட்சிங்). இந்த முறையைச் சொல்லித் தருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து செய்தால் எதெல்லாம் மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

மாமாவுக்குத் தங்கச்சிமடத்தில் ஃபைபர் வள்ளம். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று. வலையிலிருந்து மீன் கழிக்க வெளிச்சத்துக்கு இரண்டு எல்இடி விளக்கு, அப்புறம் போன் சார்ஜர், ஜிபிஎஸ். விளக்கு இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். ஆனால் விடிய விடிய எரிந்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரி அப்படியே கிடந்தால் தட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு, சார்ஜ் பிடிக்கிற அளவு குறைந்துகொண்டே வரும். "மாப்ள, பேட்டரி சாகுறதுக்கு முன்னாடி வெளக்கு தானா அணையணும். எனக்கு அது போதும்" என்றார்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். ஜிபிஎஸ்ஸும் படகு இருப்பதைக் காட்டும் அடையாள விளக்கும் இந்த போர்டு வழியாகப் போகக் கூடாது. பாக் நீரிணையில் எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டில் ஜிபிஎஸ் அணைந்தால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. அவை இரண்டும் தனி ஃபியூஸ் போட்டு நேராக பேட்டரிக்கு. வேலை விளக்கும் சார்ஜரும் மட்டும் போர்டு வழியாக.

சர்க்யூட் சின்னதுதான். டிஎல்431 என்ற ஐசி அசையாத 2.5 வோல்ட் ஒன்றைத் தரும். பேட்டரி வோல்ட்டேஜை இரண்டு ரெசிஸ்டர் வழியாகப் பிரித்து அந்த 2.5-உடன் எல்எம்358 என்ற இன்னொரு ஐசி ஒப்பிடும். மேலே இருந்தால், சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டைத் திறந்து விளக்குக்குக் கரண்ட் விடும், கீழே போனால் மூடி நிறுத்தும். ரிலே போடவில்லை. சாதாரண 12 வோல்ட் ரிலேயின் காயில், விளக்கு எரியும் நேரமெல்லாம் 30 மில்லி ஆம்பியர் தின்னும். அதன் கான்டாக்ட்டும் கடல் காற்றில் கறுத்துப் போகும். மாஸ்ஃபெட் விளக்கின் மைனஸ் பக்கத்தை வெட்டுகிறது. ஃபைபர் படகில் உடம்பு வழியாக எர்த் கிடையாது, அதனால் இதில் சிக்கல் இல்லை.

கடையில் துளையோடு கிடைக்கும் புள்ளி போர்டில் ஒயர் இழுத்துச் சால்டர் செய்யலாம். ஆனால் என்ஜின் அதிர்வில் ஒயர் முனைகள் ஒவ்வொன்றாக விடும். வெளியே ஆர்டர் கொடுத்தால் வேலை சுத்தமாக வரும்; குறைந்தது ஐந்து போர்டு வாங்க வேண்டும், வர நாளாகும். டிசைன் முடிவாகாத நிலையில் மாற்றி மாற்றிப் பார்க்க வீட்டு முறைதான் தோது.

கிகேட் மென்பொருளில் 60 க்கு 45 மில்லிமீட்டரில் ஒரு பக்க போர்டாக வரைந்தேன். சாதாரணத் தடங்கள் 1 மி.மீ. அகலம், விளக்கு கரண்ட் போகும் தடம் 4 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ. இஸ்திரிப் பெட்டி முறையில் 0.5 மி.மீ. தடம் கூட வரும், ஆனால் இடம் இருக்கும்போது அவ்வளவு ஒடுக்கமாகப் போவது வீண் சிரமம். சால்டர் வட்டங்களை 2 மி.மீ. வைத்து நடுவில் 0.5 மி.மீ. துளை விட்டேன். எட்சிங் முடிந்ததும் அந்தச் சின்னக் குழியில் டிரில் பிட் நழுவாமல் உட்காரும்.

பிரின்ட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கீழ்ப்பக்க செம்பு அடுக்கை மிரர் செய்யாமல் அப்படியே எடுக்க வேண்டும். இஸ்திரி போடும்போதே ஒருமுறை திரும்பிவிடும். மூலையில் ஓர் எழுத்தைப் போட்டு வைத்தால் சந்தேகம் தீரும். காகிதத்தில் அது இடம்வலம் மாறித் தெரிய வேண்டும், செம்பில் நேராக வாசிக்க வர வேண்டும். இரண்டாவது, அளவு. தாளுக்குள் அடக்கு என்று ஒரு தேர்வு பெரும்பாலும் ஆன் ஆகியே இருக்கும், அது படத்தைச் சுருக்கிவிடும். பிரின்ட்டை கையில் வாங்கியதும் எட்டுக் கால் ஐசி ஒன்றை அதன் மேல் வைத்துப் பார்க்கவேண்டும். இரு வரிசைக்கும் நடுவே 7.62 மி.மீ., காலுக்குக் கால் 2.54. பொருந்தவில்லை என்றால் அங்கேயே திருப்பி எடுப்பது நல்லது.

இங்க்ஜெட் பிரின்டர் இதற்கு ஆகாது. டோனர் என்பது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் பொடி, அதுதான் செம்பில் ஒட்டி அமிலத்தைத் தடுக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் போட்டோ தாளை நீட்டினேன். "அண்ணே, இதை உள்ள விட்டா மெஷின் போயிரும்" என்று கடைத்தம்பி கையை எடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். இங்க்ஜெட்டுக்கான போட்டோ தாள் சிலவற்றில் மேற்பூச்சு பிளாஸ்டிக், லேசர் மெஷினின் சூட்டு உருளையில் உருகிப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஜவுளிக்கடை விளம்பரப் புத்தகத்தின் பளபளப்பான மெல்லிய தாளை ஏ4 அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். அது தடையில்லாமல் போனது. தாளில் ஏற்கெனவே இருக்கும் சேலைப் படங்களால் தொந்தரவு இல்லை, அச்சு மை செம்புக்கு மாறாது. டோனர் சேமிப்பு முறையை நிறுத்தி, கறுப்பை உச்சத்தில் வைக்கச் சொல்லவேண்டும். சாம்பல் நிறமாக வந்த பிரின்ட்டில் ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள் இருக்கும், எட்சிங்கில் ஒவ்வொன்றும் தடத்தைத் தின்னும். பிடிஎஃப்பிலிருந்து நேராக எடுக்கவேண்டும். பிரின்ட்டை ஜெராக்ஸ் போட்டால் அளவு கொஞ்சம் நகர்கிறது.

போர்டைப் பற்றி. முதலில் கையில் இருந்தது பழுப்பு நிற ஃபினாலிக் போர்டு. விலை குறைவு, துளை போட மெத்தென்று இருக்கும். ஆனால் அது அடிப்படையில் பிசினில் ஊறிய காகிதம், ஈரம் இழுக்கும். இரண்டாவதற்கு எஃப்ஆர்4 என்கிற கண்ணாடி இழை போர்டு வாங்கினேன், 1.6 மி.மீ. கனம், செம்பு 35 மைக்ரான். படகுக்குப் போகிற எதற்கும் இனி ஃபினாலிக் தொடமாட்டேன்.

செம்பைச் சுத்தம் செய்வதில்தான் நம் கடற்கரை முதலில் குறுக்கே வந்தது. மாலையில் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டு, காலையில் இஸ்திரி போடலாம் என்று விட்டிருந்தேன். காலையில் பார்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்புத் திட்டு, மற்ற இடம் மங்கல். அதன் மேல் போட்ட டோனர் தண்ணீரில் நனைத்ததும் தாளோடு உரிந்து வந்தது. அதிலிருந்து வரிசையை மாற்றினேன். முதலில் தாளை வெட்டி, பெட்டியைச் சூடாக்கி, எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் செம்பைத் தொடுகிறேன். புளியை உப்பில்லாமல் கரைத்து ஒரு தேய்ப்பு. செம்புக் குடம் விளக்குகிற அதே வேலை, மங்கலை நொடியில் எடுக்கும். அப்புறம் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக, வட்டமாக. டோனர் பிடிக்க அந்த நுண்ணிய கீறல் வேண்டும். கழுவுவதற்கு போர் தண்ணீர் ஆகாது. மண்டபம் பக்கம் எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விடும், அது உப்பு. குடிக்கிற காவிரித் தண்ணீரோ ஆர்ஓ கேன் தண்ணீரோ ஊற்றிக் கழுவி, துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. அங்கிருந்து ஐந்து நிமிடத்துக்குள் தாள் மேலே உட்கார்ந்துவிட வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியில் நீராவி இருந்தால் அணைத்துவிட்டு, காட்டன் அளவில் வைத்தேன். போர்டு பலகை மேல் இருக்க வேண்டும். கருங்கல் மேடை சூட்டை உறிஞ்சிவிடும். வெறும் போர்டை ஒரு நிமிடம் சூடேற்றி, தாளை டோனர் பக்கம் கீழே வைத்து, அசைக்காமல் முழு எடையும் கொடுத்து ஒரு நிமிடம். தாள் ஒட்டிக்கொண்ட பிறகு பெட்டியின் முனையால் மூலை மூலையாக, மூன்று நான்கு நிமிடம் நகர்த்தித் தேய்த்தேன். தடங்களின் சாயல் தாளின் பின்புறம் லேசாகத் தெரியத் தொடங்கும், அதுவே போதும். அதற்கு மேல் அழுத்தினால் டோனர் நசுங்கி, பக்கத்துத் தடத்தோடு சேர்ந்துவிடும்.

நேரமும் முக்கியம். எங்கள் தெருவில் மாலையானால் வோல்ட்டேஜ் 190 வரை இறங்கும். 1000 வாட் பெட்டி அப்போது 680 வாட்தான் தரும். காலியாக இருக்கும்போது சூடாகத்தான் தெரியும், ஆனால் குளிர்ந்த செம்பின் மேல் வைத்ததும் சூடு இறங்கி, மீண்டு வர நேரமாகும். ஓரங்கள் ஒட்டாமல் போனதற்குக் காரணம் அதுதான். காலை பத்து மணிவாக்கில் 225-க்கு மேல் இருந்தபோது அதே தாள், அதே பெட்டி, ஓரம் வரை பிடித்தது.

ஆறவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். கட்டை விரலால் தேய்த்தால் தாள் கூழாக வரும். தடங்களுக்கு நடுவே வெள்ளையாக நார் நிற்கும், அது இருக்கும் இடத்தில் செம்பு கரையாது. பழைய பல் பிரஷ்ஷால் பொறுமையாக எடுக்கவேண்டும். டோனர் விட்ட இடங்களை சிடி மார்க்கரால் இரண்டு தடவை பூசி நிரப்பினேன்.

எட்சிங்குக்கு ஃபெரிக் குளோரைடு 100 கிராம், 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில். தண்ணீரில்தான் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், கலக்கும்போது சூடாகும். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணாடி. தரையில் சிந்தினால் அந்தப் பழுப்புக் கறை போகவே போகாது. தட்டை வெந்நீர் நிரம்பிய அகலப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு ஆட்டிக்கொண்டே இருந்ததில் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. அசையாமல் விட்டால் இரு மடங்கு நேரமாகி, தடத்தின் ஓரங்கள் அரிக்கப்படும். கரைசலைப் பிளாஸ்டிக் மூடி போட்ட பாட்டிலில் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கருவிகள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். அதன் ஆவிக்கே பக்கத்தில் இருக்கும் இடுக்கி, டிரில் பிட் எல்லாம் துருப்பிடிக்கும். உப்புக்காற்று ஏற்கெனவே செய்கிற வேலையை இது இரட்டிப்பாக்கும்.

தீர்ந்துபோன கரைசலை என்ன செய்வது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் கரைந்திருக்கிற செம்பு கடல் உயிர்களுக்கு விஷம், பவளத்துக்கும் பாசிக்கும் கொஞ்சம் பட்டாலே போதும். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப் பாறைகளும் நம் வாசலில் இருக்கின்றன. மணல் பூமியில் ஊற்றினாலும் அது கிணற்றுக்குப் போகும். வாஷிங் சோடாவைக் கரைத்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நுரைத்துப் பொங்கும், அதனால் பெரிய வாளி வேண்டும். நுரை நின்றதும் அடியில் சேறு படியும். மேலே தெளிந்த தண்ணீரை அகலத் தட்டில் மொட்டை மாடி வெயிலில் வற்றவிட்டு, சேற்றையும் வற்றிய மிச்சத்தையும் ஒரு டப்பாவில் சிமென்ட்டோடு குழைத்து இறுகவிட்டேன். வாஷிங் சோடா விலை ஒன்றும் பெரிதில்லை.

துளைகள்: ஐசி, ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ., மாஸ்ஃபெட்டுக்கு 1 மி.மீ., ஒயர் டெர்மினலுக்கு 1.3. கையில் பிடிக்கும் 12 வோல்ட் டிரில்லுக்கு சாதாரண எச்எஸ்எஸ் பிட் நல்லது. கார்பைடு கூராக இருக்கும், ஆனால் கை கொஞ்சம் சாய்ந்தாலே முறியும். எஃப்ஆர்4 தூசி கண்ணாடி இழை, முகக்கவசம் கட்டாயம்.

இனி முதல் போர்டு ஏன் தேறவில்லை என்பது. அதில் வோல்ட்டேஜைப் பிரிக்க மேலே 33 கிலோ ஓமும் ஒரு 10 கிலோ ஓம் பிரீசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), கீழே 10 கிலோ ஓம், அணையும் அளவுக்கும் திரும்ப எரியும் அளவுக்கும் இடைவெளி விட ஐசியின் வெளியீட்டை நுழைவுக்குத் திரும்ப ஊட்டுவதற்கு 330 கிலோ ஓம் வைத்திருந்தேன். பிரீசெட்டைத் திருகி 11.4-இல் நிறுத்தி, பெட்டிக்குள் வைத்து மாட்டினோம். கோட்டிங் எதுவும் கொடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் மாமா, "விளக்கு அணையவே மாட்டேங்குது, பேட்டரி பழையபடி இறங்குது" என்றார். மேசையில் வைத்து அளந்தால் 10.6-இல்தான் வெட்டியது. பிரீசெட் நகர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை மாற்றும் முன் போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். 11.4-க்குத் திரும்பிவிட்டது.

ஆக, பாகம் எதுவும் கெடவில்லை. போர்டின் மேல் படிந்த உப்பு ஈரம் இழுத்து, பேட்டரி பிளஸ் தடத்துக்கும் ஐசியின் நுழைவுக் காலுக்கும் நடுவே தானாக ஒரு ரெசிஸ்டர் மாதிரி நின்றிருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 400 கிலோ ஓம். மேலே இருந்த 33-உம் பிரீசெட்டில் நின்ற 6-உம் சேர்ந்த 39 கிலோ ஓமுக்கு இணையாக அது சேர்ந்தால் ஏறக்குறைய 10.6-க்கு வரும். சால்டர் ஒட்டுவதற்குத் தடவும் ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்ட இடங்களில் பச்சை பூத்திருந்தது. பிரீசெட்டின் நகரும் முனையிலும் அதே பச்சை.

இரண்டாவது போர்டில் செய்த பெரிய மாற்றம், எல்லா மதிப்பையும் பத்தில் ஒன்றாக்கியது. மேலே 3.9 கிலோ ஓம், கீழே 1 கிலோ ஓம், திரும்ப ஊட்ட 33 கிலோ ஓம், எல்லாம் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். பிரீசெட்டே கிடையாது. இந்த மதிப்புகளில் வெட்டு 11.4-க்கு மிக அருகில் தானாகவே விழுகிறது. இதே 400 கிலோ ஓம் கசிவு மறுபடி வந்தாலும் 11.3-க்குத்தான் நகரும். அதற்கு விலையாக எந்நேரமும் 2.5 மில்லி ஆம்பியர் ஓடும், ஒரு நாளைக்கு 60 மில்லி ஆம்பியர்-அவர். படகு பேட்டரிக்கு அது தூசு. டிஎல்431-இல் இரண்டு சதவீத வகையும் விற்கிறது, அரை சதவீத வகையைக் கேட்டு வாங்கவேண்டும். இல்லாவிட்டால் வெட்டு 0.2 வோல்ட் வரை அங்கே இங்கே போகும். பிளஸ் தடத்துக்கும் நுழைவுக் காலுக்கும் நடுவே ஒரு மைனஸ் தடத்தையும் ஓடவிட்டேன், கசிவு வந்தாலும் அதில் போய்ச் சேரும்.

எட்சிங் முடிந்து டோனரை அசிட்டோனால் துடைத்ததும், அதே மணிக்குள் எல்லாத் தடங்களுக்கும் ஃப்ளக்ஸ் தடவி 60/40 சால்டரை மெல்லியதாக இழுத்துவிட்டேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரிதான், செம்பைக் காற்று தொடக் கூடாது. விளக்குத் தடத்தில் மட்டும் கனமாக. பாகங்களைச் சால்டர் செய்த பிறகு ஃப்ளக்ஸ் முழுக்கப் போகும் வரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, வெயிலில் ஒரு மதியம் காயவைத்தேன்.

மேற்பூச்சுக்குப் படகு கட்டுகிற இடத்தில் கிடைக்கும் ஃபைபர் ரெசின் ஞாபகம் வந்தது. ஒரு பழைய போர்டில் ஊற்றிப் பார்த்தேன். கனமாக ஊற்றினால் இறுகும்போது நன்றாகச் சூடேறுகிறது, சுருங்கவும் செய்கிறது. ஒரு ரெசிஸ்டர் கால் அந்த இழுப்பில் சால்டரிலிருந்து விட்டது. பிறகு ரிப்பேர் பார்க்கவும் வழியில்லை. அதை விட்டு, போர்டுகளுக்கென்றே விற்கும் அக்ரிலிக் ஸ்ப்ரேயை டெர்மினல்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு இரண்டு மெல்லிய பூச்சாக அடித்தேன். ஸ்ப்ரே அடிப்பதும் வெயில் ஏறிய பிறகுதான். காலை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாக மங்கிவிடும்.

பெட்டி, பிவிசி ஜங்ஷன் பாக்ஸ். ஒயர்கள் கீழ்ப்பக்கம் வழியாக, தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டால் ஒயர் வழியே வரும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். ஓட்டையை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது மோந்து பாருங்கள். புளித்த காடி வாசனை வருகிற வகை, இறுகும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

செலவு: எஃப்ஆர்4 துண்டு 120 ரூபாய், ஃபெரிக் குளோரைடு 80, பிரின்ட் 20, பாகங்கள் எல்லாம் சேர்ந்து 110, ஜங்ஷன் பாக்ஸும் ஒயரும் 150. அக்ரிலிக் ஸ்ப்ரேதான் அதிகம், ஒரு டப்பா 450. ஆனால் அதில் பல போர்டுகள் அடிக்கலாம். முதலில் அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தது தேவையில்லாத சிக்கனம்.

கழற்றி வந்த போர்டில் தடங்கள் சுத்தமாக இருக்கின்றன, பச்சை எங்கும் இல்லை. துரு இருப்பது ஸ்க்ரூ டெர்மினலின் திருகுகளில் மட்டும். ஸ்ப்ரே படாமல் டேப் ஒட்டி மறைத்த இடம் அதுதான். ஒரு திருகு ஸ்க்ரூ டிரைவருக்கே அசையவில்லை. அடுத்த போர்டில் டெர்மினலை எடுத்துவிட்டு, ஈயம் பூசிய ஒயரை நேராக போர்டில் சால்டர் செய்து பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, அங்கே லக் போட்டு வாசலின் தடவப் போகிறேன். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் தாங்குவதற்கு ஒரு டயோடும், 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸும் சேரவேண்டும். ஐசிக்குப் போகும் வழியில் அந்த டயோடு 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும், அதனால் ரெசிஸ்டர் மதிப்புகளை மறுபடி கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வள்ளக்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்து ஒரே தாளில் இரண்டு பிரின்ட்டாக எடுக்க வேண்டியதுதான் பாக்கி.